மேட்டில் நிறுத்தும் மெசின்

தம்பலகாமத்து வயல்வெளியில் ஒரு மெசின், அதாவது டிரக்டர், வாய்க்கால் மேட்டில், மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் அதற்கு ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சில்லுக்கு முன்னால் அண்டையாக ஒரு கல் கிடக்கும். விடியக் கருக்கலில் கல்லை எடுத்து, கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி உருளவிட்டு, பாதி மேட்டில் காலை எடுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு பொழுதுபட்டுத்தான் நிறுத்துவார்கள். ஓட்டுகிறவர் வரப்பில் இருந்து சோறு சாப்பிடும்போதும் அது சும்மா நின்று டீசல் குடித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கூத்து நடப்பதற்குக் காரணம் டீசல் எஞ்சினின் நல்ல குணம்தான். பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். பொறிக்கு மின்சாரம் வேண்டும். டீசலுக்கு அமுக்கமே போதும். காற்றை அமுக்கிச் சூடாக்கி அதில் டீசலைப் பீச்சினால் அதுவாகவே பற்றும். நிறுத்துவதற்கும் மின்சாரம் தேவையில்லை. இழுத்தால் டீசலை மறிக்கும் ஒரு கம்பிதான். ஆக, பழைய மெசினில் மின்சாரத்தின் வேலை எஞ்சினை எழுப்புவதும் விளக்கு எரிப்பதும் மட்டுமே. மேடு ஒன்று கிடைத்துவிட்டால் எழுப்பும் வேலையும் இல்லை. அதனால் வயரிங் கோளாறு பல போகங்களுக்கு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப் படிந்த கோளாறுகளைப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு வயரிங் பாஸ் இருக்கிறார். கிண்ணியாக்காரர். நானா என்றுதான் கூப்பிடுவேன். சித்திரை கழிந்து சிறுபோக உழவு முடியும் தறுவாயில் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் பழைய வெடிமருந்துப் பெட்டி ஒன்று கட்டியிருந்தது. ஆயுதங்கள் எல்லாம் அதற்குள்.

தம்பலகாமத்து மேட்டில் நின்றது ஒரு மெசி 135. மெசி ஃபேர்கசன் கம்பனி 1964இன் கடைசியில் வெளிவிட்ட மொடல். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின், இரண்டரை லீற்றர், 45 குதிரைவலு. இங்கிலாந்தில் கொவென்றிப் பட்டறையில் அதைச் செய்து நிறுத்தியே ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. அந்தப் பட்டறையும் இன்று இல்லை. ஆனால் சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே அதே குடும்பத்து மெசின்களைத் தொடர்ந்து செய்துவந்ததால், எஞ்சினுக்குச் சாமான் இல்லை என்று இங்கே யாரும் அழுவதில்லை. வயரிங் அப்படியல்ல. அது ஒவ்வொரு மெசினிலும் ஒவ்வொருவர் கைவண்ணம்.

சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். தகப்பன் வாங்கிய மெசின் என்றார். குறையைச் சொல்லும்போதே கோபம் வந்தது.

“மாசியிலதான் தம்பி புதுப் பற்றரி போட்டன். அதுக்கு முதல் போட்டது ஒரு வருசமும் ஓடேல்ல. இப்ப திறப்பைத் திருப்பினா டக் டக் டக் எண்டு அடிக்குது, சுத்துதில்ல. லைட்டைப் போட்டுப் பாத்தன், மங்கிப் போகுது. கடைக்காரன் பற்றரி செத்துப்போச்சு எண்டுறான்.”

“கடைக்காரன் பற்றரிதானே அண்ணன் விக்கிறான்,” என்றார் நானா.

விளக்குச் சோதனை ஊரறிந்தது. முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்ப வேண்டும். விளக்கு மங்காமல், ஸ்டார்ட்டரும் அசையாமல் இருந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டர் பக்கமே போகவில்லை: சுவிட்ச், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலனொயிட், இடையில் உள்ள வயர் என்று தேடலாம். விளக்கு சாகிற மாதிரி மங்கினால் பற்றரியில் பலம் இல்லை. இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் அவசரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பற்றரி விற்பனையும் நடக்கிறது.

நானா முதலில் மீற்றரை எடுக்கவில்லை. கைவிரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பற்றரி முனைக்கும் இரும்புக்கும் இடையில் மோதிரம் பட்டால் நொடியில் பழுக்கக் காயும். விரலோடுதான் கழற்ற வேண்டிவரும். பிறகு பற்றரி மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீற்றரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார். ஆறு அறையிலும் 1.190ஐ ஒட்டியே மிதவை நின்றது. ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் பற்றரியில் பழுது. ஆறும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் பற்றரிக்குப் பழுதில்லை, பசி.

மீற்றரில் 12.3 வோல்ட். முழுதாக நிறைந்த பற்றரி 12.6க்கு மேல் காட்டும்; 12.3 என்பது பாதிக்குக் கொஞ்சம் மேலே. இந்த வெயிலில், தடித்த எண்ணெய் என்ற பேச்சே இல்லாத ஊரில், பாதிப் பற்றரி இந்த எஞ்சினைச் சுழற்றியே ஆக வேண்டும்.

“இப்ப திருப்புங்க அண்ணன்.”

டக் டக் டக். மீற்றர் ஊசிகள் பற்றரியின் இரண்டு ஈய முனைகளிலும் ஊன்றியிருந்தன. 11.4. அதற்குக் கீழே இறங்கவில்லை. அதே நேரத்தில் முன்விளக்கு மினுக்கிட்டாம் பூச்சியாகியிருந்தது. செத்த பற்றரி என்றால் அதன் முனையிலேயே வோல்ட் எட்டுக்கோ ஏழுக்கோ விழுந்திருக்க வேண்டும். முனையில் 11.4 இருக்கிறது, விளக்குக்கு அது போய்ச் சேரவில்லை. இடையில் எங்கோ சாப்பாடு நடக்கிறது.

இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் நின்று பார்க்க விரும்பியிருந்தேன். பாதையைத் துண்டு துண்டாக அளப்பது. ஓர் ஊசியைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதை ஸ்டார்ட்டரின் தடித்த வயர் முடியும் இடத்திலும் வைத்துத் திறப்பைத் திருப்பச் சொன்னார். 0.3. அந்தத் தடித்த வயர் தின்பது அவ்வளவுதான், மன்னிக்கலாம். அடுத்து ஓர் ஊசி பற்றரியின் எதிர்முனையில், மற்றது எஞ்சின் உடம்பில் பெயின்ற் சுரண்டிய இடத்தில். இரண்டும் ஏத், மெசினின் உடம்போடு இணைந்த பக்கம். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்வார்கள். திருப்பியதும் மீற்றர் 5.8 காட்டியது.

கணக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. 11.4 புறப்படுகிறது, 0.3 ஒரு பக்கம், 5.8 மறுபக்கம் போக ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 5.3. சொலனொயிட் இழுத்துப் பிடிக்கும், பிடித்தவுடன் வோல்ட் விழும், விழுந்தவுடன் அது கையை விடும், விட்டதும் வோல்ட் ஏறும், திரும்பவும் இழுக்கும். டக் டக் என்று கேட்டது அந்த இழுபறிதான்.

சொந்தக்காரர் நம்பவில்லை. ஏத் வயரைப் போன மாதம்தான் ஒருவர் மீற்றர் வைத்துப் பார்த்துச் சரியென்று சொன்னாராம். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஓம் கணக்கில் வைத்து அளந்திருப்பார். மீற்றர் சுழியம் காட்டியிருக்கும். 200 அம்பியர் ஓட வேண்டிய பாதையில் 0.03 ஓம் தடை இருந்தால் 6 வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீற்றரின் ஊசிகள் தொடுகிற இடத்திலேயே அதைவிடக் கூடுதலான தடை இருக்கிறது, அதனால் 0.03ஐ எப்படிக் கண்டுபிடிக்கும்? பாரம் ஏறாத நேரத்தில் இற்றுப்போன வயரும் நல்ல வயர்தான். மின்சாரம் ஓடும்போது எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது ஒன்றே வழி. இந்த மாவட்டத்தில் பற்றரிக்குச் செலவழிகிற காசில் பெரும்பங்கு இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான் போகிறது என்பது என் எண்ணம். நானாவிடம் கேட்டால் சிரிப்பார். அதில்தான் அவருக்கும் பிழைப்பு.

135இல் பற்றரி முன்முகப்புக்குப் பின்னால், ரேடியேற்றருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பின்னிய செம்பு நாடா ஒன்று அதன் எதிர்முனையிலிருந்து கிளம்பி முன் அச்சைத் தாங்கும் வார்ப்பிரும்பில் போல்ட்டால் இறுகுகிறது. அங்கிருந்து ஸ்டார்ட்டருக்கு வயர் இல்லை. மெசினின் உடம்புதான் பாதை. வார்ப்பிரும்புக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மூட்டில் எத்தனை கை பெயின்ற், எத்தனை போகத்துச் சேறு, எவ்வளவு துரு என்று யாருக்குத் தெரியும்? நானா ஊசியை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக நகர்த்திப் பார்த்தார். நாடாவின் காதுக்கும் வார்ப்பிரும்புக்கும் இடையில் இரண்டு வோல்ட்டுக்கு மேல். மிச்சம் முழுக்க அந்த மூட்டில்.

ஏத் முனையை முதலில் கழற்றினார். கடைசியில்தான் அதைப் பூட்டுவார். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பானர் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். பற்றரி வாயில் ஐதரசன் இருந்தால் அமிலம் முகத்தில். முனைகளில் பூத்திருந்த வெள்ளையையும் பச்சையையும் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். சோடா பொங்கியதைப் பார்த்துச் சொந்தக்காரரின் பேத்தி கைதட்டினாள். கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்தார். பிறகு புதிய தடித்த கேபிள் ஒன்றைப் பற்றரியின் எதிர்முனையிலிருந்து நேராக ஸ்டார்ட்டரைப் பிடிக்கும் போல்ட்டுக்கே கொண்டுபோய் இறுக்கினார். பழைய நாடாவையும் துலக்கிப் பழைய இடத்திலேயே விட்டார். முனைகள் மேல் வசலின்.

“திருப்புங்க.”

எஞ்சின் இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆனால் கிழவர் மீற்றரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முந்தி 11.4 காட்டிச்சு. இப்ப 10.4க்கு இறங்கிட்டுது. பற்றரி இன்னும் கெட்டுப்போச்சா தம்பி?”

நல்ல கேள்வி. முன்பு பற்றரி வேலையே செய்யவில்லை. அதனால் முனையில் வோல்ட் விழவில்லை. இப்போது முழு அம்பியரும் ஓடுகிறது, விழத்தான் செய்யும். ஸ்டார்ட்டருக்கு 5.3க்குப் பதில் இப்போது பத்துக்குக் கிட்டக் கிடைக்கிறது. நானா இதை ஒரே வரியில் முடித்தார்: “இப்பதான் அண்ணன் அது சுமக்குது.”

அத்தோடு கிளம்பியிருந்தால் ஐப்பசியில் கிழவர் இன்னொரு பற்றரி வாங்கியிருப்பார். பசியோடு கிடக்கும் பற்றரிக்குச் சாப்பாடு ஏன் போகவில்லை என்ற கேள்வி மிச்சம் இருந்தது. எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இருந்தது 12.4.

இந்த மெசினுக்கு உடன்பிறந்த லூகாஸ் டைனமோ எப்போதோ கழன்றுவிட்டது. அதன் இடத்தில் ஜப்பான் வாகனத்திலிருந்து எடுத்த ரீகண்டிசன் ஓல்ட்டனேற்றர். பெல்ட் இறுக்கம் சரி. பின்னால் மூன்று வயரும் இருக்கின்றன. நானா திறப்புத் தட்டைப் பார்த்தார். சார்ஜ் விளக்கு இருக்க வேண்டிய துளையில் ஒரு தக்கை.

“இங்க ஒரு செவத்த பல்ப் இருந்திருக்குமே?”

“இருந்தது. அது ஒரே எரிஞ்சுகொண்டிருக்கும். கண்ணுக்குக் கரைச்சல் எண்டு பெடியன் கழட்டிப்போட்டான்.”

அந்தக் கரைச்சல் பிடித்த பல்ப்தான் ஓல்ட்டனேற்றரை எழுப்புகிறது. டைனமோவுக்குள் நிலையாக ஒரு மிச்சக் காந்தம் இருக்கும். சுற்றினால் அதுவாகவே தொடங்கும். ஓல்ட்டனேற்றரின் சுழலியில் காந்தம் இல்லாத குறை. திறப்பைத் திருப்பியதும் பல்ப் வழியாக ஒரு துளி மின்சாரம் சுழலிக்குப் போய் அதைக் காந்தமாக்கும். 2.2 வாற் பல்ப், 0.2 அம்பியர்கூட வராது, அது போதும். எஞ்சினை உறுமவிட்டால் சிலவேளை பல்ப் இல்லாமலே எழும்பும். அதனால்தான் கிழவரின் பற்றரி முழுதாகச் சாகாமல் பாதியில் கிடந்து உழன்றது. பல்ப்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டாலும் பயனில்லை. அதன் வழியாகப் போகிற மின்சாரம் போதாது.

பழைய பல்ப் ஏன் ஓயாமல் எரிந்தது என்ற கேள்வியும் உண்டு. ஓல்ட்டனேற்றர் அப்போதே சார்ஜ் பண்ணவில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. காரணம், பின்னால் ஒரு காதுத் தகடு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இறுக்கி, பெட்டியிலிருந்து ஒரு பல்ப்பை எடுத்துப் போட்டு எஞ்சினை எழுப்பினார். சிவப்பு எரிந்து அணைந்தது. மீற்றரில் 14.1. பழைய ஏத் அப்படியே இருந்திருந்தால் 20 அம்பியர் சார்ஜில் அங்கேயே 0.6 வோல்ட் போயிருக்கும், பற்றரிக்கு 13.5தான் கிடைத்திருக்கும். ஒரு கோளாறு இன்னொன்றுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மற்ற வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி வயர் பாதி. ஸ்பீக்கர் வயர் மீதி. வீட்டு வயர் அதிர்வில் முறியும். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெற் பெட்டியின் ஈயத்தாள். நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்த காலத்தில் எலி கொறித்த இடங்களில் பிளாஸ்திரி. நானா ஈயத்தாளை மட்டும் எடுத்துவிட்டுச் சரியான பியூஸ் போட்டார். மிச்சத்துக்குப் பெரும்போகத்துக்கு முன் வரச்சொன்னார் கிழவர். கூப்பிடுவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. மெசின்தான் இப்போது எழும்புகிறதே.

கிளம்பும்போது ஒரு சண்டை. திறப்பு வேலை செய்யாத காலத்தில் பேரன் ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் இணைத்து எழுப்புவானாம், பெருமையாகச் சொன்னார்கள். நானாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. 135இல் வேகக் கியர், மெதுக் கியர் தேர்ந்தெடுக்கும் சின்ன லீவர் நடுவில் எஸ் என்ற எழுத்தில் நின்றால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். கியரில் கிடந்தால் போகாது. ஸ்குரூடிரைவர் அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது. ஸ்டார்ட்டர் இருப்பது முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில். எழுப்புகிறவன் நிற்பது பெரிய சில்லின் முன்னால். கியரில் கிடந்த மெசின் பிடித்துக்கொண்டால் அவன் மேலேதான் ஏறும். டிரக்டர் கையேடுகளில் இந்த எச்சரிக்கை உண்டு. இப்படிச் செத்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. “பொடியன வெச்சுத்தான் வயல் செய்றீங்க. அவன இழந்துட்டு மெசின வெச்சிருந்து என்ன செய்யப் போறீங்க?” என்றார். பேரன் தலையைக் குனிந்துகொண்டான். கிழவர் ஸ்குரூடிரைவரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்குக் கிண்ணியா. தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் சந்திக்கும் வாய்மேல் 396 மீற்றர் நீளப் பாலம்; 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன் இங்கே பாதை என்கிற மிதவைதான். மெசின் ஏற்றிய பாதை ஒரு பக்கம் சரியும்போது கலிமா சொல்லிக்கொண்டு கடந்த கதையை நானா பாலத்தில் போகும்போதெல்லாம் சொல்வார் போலிருக்கிறது.

அவருடைய பட்டறை வீட்டின் பக்கத் தாழ்வாரம். வாங்கில் லூகாஸ் டைனமோ ஒன்று கிடந்தது. பேர்மிங்காம் லூகாஸ் கம்பனியை ஆங்கிலேயர்கள் இருளின் இளவரசன் என்று கேலி செய்வார்களாம், அதன் விளக்குகள் எப்போது அணையும் என்று தெரியாததால். கேலி நியாயமில்லை. அறுபது வயது டைனமோவில் கார்பன் பிரஷ் தேய்ந்து போனதைத் தவிர வேறு குற்றம் இல்லை. நானா கொமியூட்டேற்றரைக் கண்ணாடித்தாளால் துடைத்து, புதுப் பிரஷ் போட்டு, டீ, எஃப் என்று குறியிட்ட இரண்டு முனைகளையும் இணைத்துப் பற்றரியிலிருந்து வயர் கொடுத்தார். டைனமோ மோட்டார் மாதிரி மெல்லச் சுழன்றது. மோட்டாராகச் சுழல்கிற டைனமோ டைனமோவாகவும் வேலை செய்யும். மெசினில் பூட்டிய பிறகு எஃப் முனையில் பற்றரி வயரை ஒருமுறை தீண்டினால் மிச்சக் காந்தம் சரியான திசையில் நிற்கும். அந்தக் காலத்துப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனைதான் ஏத். பிறகு வந்தவர்கள் பற்றரியை மாற்றிப் போட்டிருப்பார்கள். இந்தத் தீண்டலை மறந்தால் நல்ல டைனமோவும் சார்ஜ் பண்ணாது.

லேண்ட்மாஸ்டர் என்று நாங்கள் சொல்லும் இரண்டு சில்லு மெசின்களும் வாசலில் நின்றன. அவற்றில் பெரும்பாலும் பற்றரியே இல்லை. கைப்பிடி போட்டுச் சுற்றுவது. ஒரு விளக்கு, அதற்கொரு சுருள். எரியாவிட்டால் பல்ப் அல்லது ஏத். ஐந்து நிமிட வேலை. நானாவின் மகன் அதைச் செய்துகொண்டிருந்தான்.

2004 மார்கழி 26இல் கடல் கிண்ணியாவுக்குள் வந்துபோன பிறகு இந்தத் தாழ்வாரத்தில் நிற்க இடமில்லாமல் ஸ்டார்ட்டர்கள் குவிந்ததாம். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தவை பிழைத்தன. பிறகு பார்க்கலாம் என்று வைத்தவை இறுகிப்போயின. உப்பு காய்ந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்றார்.

அதைக் கண்ணால் பார்க்கப் பின்னேரம் நகரத்தைத் தாண்டி, உப்புவெளி, நிலாவெளி கடந்து வடக்கே போனோம். கரைவலை மெசின். பின்னால் வின்ச் பூட்டி, வலைக்கயிற்றை மெசினின் பலத்தில் இழுக்கிறார்கள். அப்படி இழுக்கலாமா கூடாதா என்று மீன்பிடித் திணைக்களத்தோடு கரைவலைக்காரருக்கு ஓயாத இழுபறி. அதற்குள் நான் போகவில்லை. மெசின் அலை வந்து தொடும் இடத்தில் நிற்கிறது. நனைந்த கயிறு சுருளும்போது உப்புத்தண்ணீர் மழையாக அதன் மேல் தெறிக்கிறது.

நானா பின்விளக்குக்குப் போகும் வயரின் தோலைச் சீவினார். உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. ஒரு சாண் மேலே சீவினார், கறுப்பு. இன்னும் ஒரு சாண், அப்போதும் கறுப்பு. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வெளியில் உப்புத்தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் ஏறிவிடுகிறது. வெளியே தோல் பளபளவென்று இருக்கும்.

குறை வேடிக்கையானது. பிரேக்கை மிதித்தால் இடப்பக்கச் சைகை விளக்கு மங்கலாக எரிகிறது. பேய் என்று ஒருவர் சொன்னார், பாதிச் சிரிப்புத்தான். நானா விளக்குக் கூட்டைக் கழற்றிக் காட்டினார். பின்விளக்கு, பிரேக், சைகை மூன்றுக்கும் ஒரே ஏத் திருகு. அது துருவில் கரைந்துவிட்டது. பிரேக் பல்ப்புக்குள் போன மின்சாரம் வீடு திரும்ப வழி தேடுகிறது. ஏத் இல்லை. பக்கத்துச் சைகை பல்ப்பின் இழை வழியாக ஏறி, அதன் வயரில் பின்னோக்கிப் போய், முன்பக்கத்துச் சைகை விளக்கின் ஏத்தில் இறங்குகிறது. போகிற வழியில் உள்ளதையெல்லாம் மினுக்கிவிட்டுப் போகிறது. சம்பந்தமில்லாத இரண்டு விளக்கு ஒன்றையொன்று தொட்டுப் பேசினால் முதலில் ஏத்தைப் பார்க்க வேண்டும். சுவிட்சை மாற்றக் கூடாது. இங்கே சுவிட்சை ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். வலை இன்னும் பாதிக்கடலில்.

“என்ன பாஸ், எவ்வளவு முடியும்?”

“சாதா வயர் போட்டா ஒரு வாடைக்குத் தாங்கும், முதலாளி. கொட்பே துறைமுகப் பக்கம் போட்டுக்குப் போடுற வயர் இரிக்கு, ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசினது. அது போட்டாத்தான் சரி.”

“ரெண்டு மடங்கு விலையாமே?”

“கூடத்தான்.”

“முன்னுக்குச் சாதா, பின்னுக்கு மட்டும் அது?”

“பின்னுக்குப் போற வயர் முன்னுக்கிருந்துதானே வருது?”

முதலாளி கடலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், நானாவின் கையிலிருந்த பச்சைப் பொடியைப் பார்த்தார். வலையின் மடி கரைக்கு வரட்டும், மீனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரைக்கும் ஏத்தை மட்டும் கட்டித்தரச் சொன்னார். நானா சிகரெற் அட்டையைக் கிழித்து, தேவையான நீளம், காதுத் தகடுகள், பியூஸ் பெட்டி, பல்ப்பு என்று எழுதி அவருடைய மருமகனிடம் கொடுத்தார். கொட்பேக்குப் போகும் லொறி விடிய நாலு மணிக்கு வருமாம். அட்டை அதில் போகும், மீன் நன்றாகப் பட்டால்.